கள்ளியும் பூச்சியும் கடல் கடந்த கதை

மதுரை நாட்டின் மீது படையெடுத்து வந்தோரை வரலாற்று நூல்கள் வரிசையாகக் கூறுகின்றன. 1311ஆம் ஆண்டில் மாலிக் காபூர் வந்தான். அந்நூற்றாண்டிலேயே குமார கம்பணன் வந்தான். பின்னர் நாயக்கர் ஆண்டனர். 1801இல் ஆட்சியுரிமை கும்பினியார் கைக்குச் சென்றது. இவர்களெல்லாம் கல்வெட்டிலும் ஏட்டிலும் இடம்பெற்றவர்கள். ஆனால் இதே சமவெளியின் மீது முரசும் கொடியும் இன்றி வேறு சில படைகளும் வந்தன. கடுகினும் சிறிய வீரர்களைக் கொண்ட படைகள் அவை. அவற்றுள் ஒன்று நம் நிலத்தை மீட்டுத் தந்தது. மற்றொன்று நம் உழவரைக் கண்ணீர் விட வைத்தது. அவை வந்த வழியையும் அவ்வழியை நாம் அறிந்துகொண்ட வகையையும் கூறுவதே என் நோக்கம்.

நான் வாழ்வது விளாங்குடியில். மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. பெயரைக் கேட்டால் விளாமரம் நினைவுக்கு வரும். நேரில் வந்து பார்ப்போர்க்குச் சரக்கு லாரிகளே முதலில் தென்படும். முனைவர் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகளை, வேற்று நாட்டுப் பூச்சிகள் ஒரு நிலப்பரப்பில் எவ்வாறு பரவுகின்றன என்று ஆராய்வதில் நான் கழித்தேன். 'பூச்சியை ஆராய்பவர் எதற்காகச் சாலையோரத்தில் நின்று லாரிகளை எண்ணுகிறார்?' என்று அண்டை வீட்டார் வியந்ததுண்டு. அதற்குரிய விடை இக்கட்டுரையின் போக்கில் வெளிப்படும்.

முதலில் கள்ளியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தைப் பாடிய புலவர்கள் கள்ளியைப் பலகாலும் குறிக்கின்றனர். அதைப் படிக்கும் மாணவர் பலர், கண்மாய்க் கரையிலும் வேலியோரத்திலும் தட்டுத் தட்டாக நிற்கும் சப்பாத்திக்கள்ளியையே மனத்தில் கொள்கின்றனர். அது பொருந்தாது. புலவர் பாடிய கள்ளி, உடைத்தால் பால் வடியும் நம் நாட்டுக் கள்ளி. சப்பாத்திக்கள்ளியோ முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே அது இங்கு வந்திருக்க இயலும். நாகதாளி என்று நம் பக்கத்தார் அதற்கு அழகிய தமிழ்ப்பெயர் இட்டுவிட்டமையால் அதன் அயன்மையே மறந்துபோயிற்று. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளும் இம்மயக்கம் புலவர்க்கும் மாணவர்க்கும் மட்டும் நேர்வதன்று. ஒரு பேரரசே இம்மயக்கத்தில் வீழ்ந்த கதை ஒன்று உண்டு.

அக்கதை சிவப்பு நிறத்தில் தொடங்குகிறது. மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியின் மீது வாழும் ஒரு சிறு பூச்சி உண்டு. கொச்சினீல் என்பது அதன் பெயர். அதன் உடலை நசுக்கினால் குருதிபோன்ற செஞ்சாறு வெளிப்படும். உலர்த்திய பூச்சிகளில் ஏறத்தாழ 70,000 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை தேறும். ஆயினும் அச்சாயத்துக்கு ஈடான செஞ்சாயம் அக்கால ஐரோப்பாவில் இல்லை. ஆங்கிலப் படைத்தலைவர்கள் அணிந்த செங்குப்பாயங்கள் அதனாலேயே நிறம் பெற்றன. மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் உலர்ந்த பூச்சியை மட்டுமே விற்றனர். உயிருள்ள பூச்சியை வெளியே விடவில்லை. ஆகவே வாங்கிய ஐரோப்பியர் நெடுங்காலம், 'இது விதையா, புழுவா?' என்றே வாதிட்டுக் கொண்டிருந்தனர். 1777ஆம் ஆண்டில் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள் புகுந்து, பூச்சி அமர்ந்த கள்ளித் தட்டுகளை மறைத்து எடுத்துக்கொண்டு கரீபியத் தீவு ஒன்றுக்குக் கொண்டு சென்றார். செய்தி பரவியதும் ஆங்கிலக் கும்பினியாருக்கும் அவ்வாசை பிறந்தது.

சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முயற்சியில் முனைந்து நின்றார். சாயவேரால் நூலைச் சிவப்பேற்றிக் கைதேர்ந்த சோழமண்டலக் கரையில் கொச்சினீலும் விளையுமானால் கும்பினிக்கு எத்துணை ஆதாயம் என்று அவர் கணக்கிட்டார். சென்னைப் பகுதியில் புல்லின் மீது தாம் கண்ட ஒரு பூச்சியையே கொச்சினீல் இனம் என்று எண்ணி, 1786ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலிருந்த அறிஞர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதினார். ஆராய்ந்து பார்த்ததில் அது பயன்படும் சாயம் தருவதன்று எனத் தெரிந்தது. ஆண்டர்சன் தளரவில்லை. உண்மையான பூச்சி என்றேனும் வந்து சேரும் என்ற நம்பிக்கையில், சைதாப்பேட்டைக்கு அருகே கள்ளித்தோட்டம் ஒன்றை அமைத்து, அதற்கு ஏற்ற கள்ளி வகைகளை வரவழைத்து வளர்த்தார். விருந்தினர் வருமுன் இலை போட்டு வைத்த கதைதான் அது.

1795ஆம் ஆண்டில் விருந்தினர் வந்தனர். கேப்டன் நீல்சன் என்ற படைத்தலைவர், பிரேசில் நாட்டு ரியோ டி ஜனிரோ துறையில் கப்பல் தங்கியபோது கொச்சினீல் எனப்பட்ட பூச்சிகளைக் கள்ளித் தட்டோடு வாங்கிக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். மாதக்கணக்கான கடற்பயணத்தில் பிழைத்தவை சிலவே. அச்சிலவற்றைக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தார் அருமையாக வளர்த்தனர். ஆனால் அவை மெக்சிகோவில் வளர்ப்புப் பூச்சியாக இருந்த உண்மைக் கொச்சினீல் அல்ல. அதன் உறவினமான காட்டுப் பூச்சி. சாயம் மட்டமாக இருந்தது, வாணிகம் படுத்தது. அப்பூச்சிக்குப் பிற்காலத்தார் சூட்டிய அறிவியற் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. தென்னமெரிக்காவிற் பிறந்த அதற்கு 'ஈழத்துப் பூச்சி' என்று பொருள்படும் பெயர் அமைந்துவிட்டது!

சாயத்துக்குப் பயன்படாத அப்பூச்சி வேறொன்றைச் செய்தது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் படர்ந்திருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று அழித்தது. தின்றது என்பதினும் உறிஞ்சியது என்பதே பொருந்தும். வெண்பஞ்சு போன்ற மெழுகைப் போர்த்துக்கொண்டு தட்டோடு தட்டாக ஒட்டி, ஊசி போன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். தட்டு மஞ்சளாகி, வாடி, அழுகி வீழும். இதைக் கண்டவர்கள், '1836 முதல் 1838 வரை' என்று குறிக்கப்படும் ஆண்டுகளில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளியின் மீது விட்டனர். களையை ஒழிப்பதற்கென்றே ஒரு பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மனிதர் வேண்டுமென்றே கொண்டுசென்ற நிகழ்ச்சிகளுள் உலகிலேயே முதலாவதாக இதனைப் பூச்சியியல் நூல்கள் போற்றுகின்றன. உலகுக்கு முன்மாதிரியான அச்செயல் நம் பக்கத்தில் நிகழ்ந்தது என்பதை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

தென்னிந்தியாவில் வெற்றி அரைகுறையாகவே கிட்டியது. இங்கே மிகுதியாகப் பரவியிருந்தது வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பூச்சிக்கு அவ்வாறில்லை. ஒன்றை உண்டு மற்றதைத் தீண்டாமல் விட்டுவிட்டது. பகையில்லாத நாட்டில் அம்மற்றது செழித்தது. வேலிக்கென நட்ட தட்டு ஒன்று விழுந்த இடத்திலெல்லாம் வேர்விட்டது; பழத்தை உண்ட பறவையும் விலங்கும் விதையைப் பரப்பின. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய பகுதிகளில் மேய்ச்சல் நிலமும் பாதையும் ஏரிக்கரையும் முட்காடாயின. ஆடுமாடுகள் நுழையமுடியாத அப்புதர்களில் பாம்புகள் குடியிருந்தன. பஞ்சகாலத்தில் முள்ளைத் தீயில் வாட்டிக் கால்நடைக்குத் தட்டைப் போட்டவர்களும் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது வேறு வழியில்லாதவர் செய்த உபாயம்.

இதற்கு மாற்று 1926ஆம் ஆண்டில் வந்தது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மற்றொரு கொச்சினீல் இனம், அதற்குள் இலங்கையில் விடப்பட்டு நன்கு பணியாற்றிக் கொண்டிருந்தது. அதனை அவ்வாண்டில் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்தனர். முறை மிக எளியது. பூச்சி பற்றிய தட்டுகளை வெட்டி எடுத்துவந்து பூச்சியில்லாத புதரின் நடுவே வைத்துவிட்டால் போதும். தாய்ப்பூச்சிக்குச் சிறகில்லை, நகர்வதும் இல்லை. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகள்தாம் ஊர்ந்து செல்லும். காற்று வீசினால் உடல்மீதுள்ள மெழுகிழைகளின் உதவியால் மிதந்தும் செல்லும். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியினின்று மீண்டது. கத்தி பட்டால் பெருகிய செடி பூச்சி பட்டு மாய்ந்தது. விளாங்குடியை அடுத்த சிற்றூர்களில் முதியோர் சிலர், தம் பாட்டனார் காலத்தில், 'பஞ்சு பூத்துக் கள்ளி செத்தது' என்று சொல்லக் கேட்டதாக என்னிடம் கூறினர். அறிவியலார் எழுதிய அறிக்கைகளைக் காட்டிலும் அச்சொற்றொடர் எனக்குச் சுவையாக இருக்கிறது. பூச்சியைப் பஞ்சு என்று கொண்டமையும் ஒரு பெயர் மயக்கமே!

இன்றும் நம் கண்மாய்க் கரைகளில் ஆங்காங்கே ஓரிரு சப்பாத்திக்கள்ளிகள் நிற்கின்றன. அவற்றின் மீது வெண்பஞ்சு ஒட்டியிருக்கக் கண்டால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குச்சியின் நுனி செக்கச் சிவந்துவிடும். முள்ளில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்முட்கள் தோலில் புகுந்தால் நாள் முழுதும் உறுத்தும்.

இனி, இப்பரவலை ஆராய்வோர் கையாளும் கணக்கைச் சிறிது காண்போம். 1905ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பிராகா நகருக்கு அருகே, வட அமெரிக்க நீரெலி வகையில் சில விடப்பட்டன. அவை பெருகிப் பரவிய எல்லையை ஆண்டுதோறும் வரைபடத்தில் குறித்து வந்தனர். ஸ்கெல்லம் என்ற ஆங்கிலேயர் 1951ஆம் ஆண்டில் அப்படத்தை எடுத்துக்கொண்டு, பரவிய பரப்பளவின் வர்க்கமூலத்தைக் கணித்தார். அது ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டே சென்றது. ஈரத்தாளில் விழுந்த மைத்துளி வட்டமாக விரிவதுபோல எலிகள் விரிந்திருந்தன. 1958இல் சார்லஸ் எல்டன் என்ற பேராசிரியர், செடிகொடிகளும் விலங்குகளும் புதுநாடுகளில் படையெடுப்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இத்துறைக்கே அடிப்படையான அந்நூல் முதலில் வானொலிப் பேச்சாகத் தோன்றியது என்பதை, வானொலிக்கு எழுதும் நான் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

மைத்துளிக் கணக்கு நீரெலிக்குப் பொருந்தியது. சிறகில்லாத பூச்சிக்கு அது பாதியளவே பொருந்துகிறது. ஒரு தோட்டத்துக்குள் அது மைபோல் மெல்ல விரியும். பின்னர் ஒருநாள் 50 கல் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் புதிய துளி ஒன்று விழுந்து கிடக்கும். இடையிலுள்ள ஊர்களில் பூச்சியே இராது. அத்தாவலைச் செய்தது பூச்சியன்று, நாம். நாற்றும் பழமும் ஏற்றிய வண்டி அதனைச் சுமந்து சென்றிருக்கும். ஆகவே பரவலின் வேகத்தைக் கணிக்க விரும்புவோன் பூச்சியின் காலை மட்டும் அளந்தால் போதாது. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு எத்தனை லாரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அறிதல் வேண்டும். நான் சாலையோரத்தில் நின்றது இதற்காகவே.

இதனை நம் தலைமுறையே கண்கூடாகக் கண்டது 2008ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களின் மீது மாவு தூவியதுபோல ஒரு பூச்சி காணப்பட்டது. மாவுப்பூச்சி நம் உழவர்க்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னரே பருத்தியில் ஒருவகை வந்து தொல்லை கொடுத்திருந்தது. 'அதுதான் இதுவும்' என்று பலர் எண்ணியிருப்பர். ஆனால் இது வேறு. இதனைச் சாராயத்தில் இட்டு வைத்தால் ஓரிரு நாளில் மஞ்சள் உடல் நீலங்கலந்த கருமையாக மாறிவிடும். மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. இந்தியாவில் அதனை இனங்கண்டு அறிவித்தவருள் ஒருவரான முனியப்பன் என்ற பூச்சியியல் அறிஞர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்ப் பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாம் தீவில் அதே பூச்சியை அடக்கிய பணியில் பங்குகொண்டவர். பழைய பகைவனைப் புதிய ஊரில் கண்டறிய, முன்னரே அவனைப் பார்த்த கண் வேண்டியிருந்தது.

அப்பூச்சி வந்த வழியை ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் ஓர் உலகப்படம் விரிகிறது. 1990களின் நடுப்பகுதியில் அது கரீபியத் தீவுகளில் தலைகாட்டியது. 1998இல் புளோரிடாவை அடைந்தது. 2002இல் குவாம். 2004இல் ஹவாய். 2008இல் இந்தோனேசியாவும் இந்தியாவும் இலங்கையும். சிறகற்ற ஒரு பெண்பூச்சி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகைப் பாதி சுற்றிவிட்டது! அந்நாடுகளிடையே பழமும் செடியும் மனிதரும் எவ்வளவு விரைந்து சென்றுவந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டுக்குள் அது நுழைந்தபின் பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, முசுக்கொட்டை, கொய்யா, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, தேக்கு என்று அகப்பட்டவற்றின் மீதெல்லாம் ஏறியது. சாலையோரத்துப் பார்த்தீனியத்திலும் துத்தியிலும்கூடத் தங்கியது. இராணி மங்கம்மாள் சாலையில் வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள் உதவியதுபோல, பயிரில்லாத இடங்களில் இக்களைகள் பூச்சிக்குச் சத்திரமாயின. பார்த்தீனியமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதனைச் சுமந்து காவல் புரிந்தன. அக்கழிவின் மீது கரும்பூசணம் படர, இலை ஒளி பெறாமல் கருகியது.

மிகவும் அடிபட்டோர் பட்டுப்புழு வளர்த்தோர். முசுக்கொட்டை இலையில் பூச்சிக்கொல்லி அடித்தால் அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழு மாண்டுபோகும்; அடிக்காவிட்டால் இலையே இராது. இவ்விடுக்கணில் சிக்கிய குடும்பங்கள் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் தோட்டத்தை வேரோடு பிடுங்கி எறிந்தன. மற்றப் பயிர்க்காரர்கள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தனர். பூச்சியின் மெழுகுப் போர்வை மருந்தைத் தடுத்தது. அதனை உண்ணவந்த நம் நாட்டுப் புள்ளிவண்டுகள் மாண்டன. நான் கேட்டறிந்த தோட்டக்காரர்களுள், 'முதல்முதல் எப்போது பார்த்தீர்கள்?' என்ற வினாவுக்கு நாளும் கிழமையும் சொல்ல முடிந்தவர் பலர். குடும்பத்தில் துக்கம் நேர்ந்த நாளை மறவாததுபோல அந்நாளை அவர்கள் மறக்கவில்லை. ஆராய்ச்சியாளன் வரைபடத்தில் இடும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் இத்தகைய நாள் ஒன்று இருக்கிறது.

மாற்று எங்கே இருந்தது? மெக்சிகோவிலேயே இருந்தது. அங்கே இம்மாவுப்பூச்சி பெருந்தொல்லையாக இல்லாமைக்குக் காரணம், அதன் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் சிறு குளவிகள். அமெரிக்க வேளாண்துறையார் அவற்றைக் கண்டுபிடித்துப் போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து, கரீபியத் தீவுகளிலும் குவாமிலும் விட்டு வெற்றி கண்டிருந்தனர். பூச்சியின் பெயர் தெளிவானவுடன் அதற்குரிய குளவியின் முகவரியும் தெளிவாயிற்று. ஆயினும் இசைவு பெறவும் ஆய்வுகள் செய்யவும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2010 ஜூலையில் மூவகைக் குளவிகள் பெங்களூரிலிருந்த தேசியப் பூச்சிவள நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கு அடைப்பில் வைத்து ஆராய்ந்தபின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் அனுப்பினர். மூன்றனுள் பப்பாளியின் பெயரையே தாங்கிய ஒரு குளவி முன்னணியில் நின்றது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் தேறாத அது, மாவுப்பூச்சியின் இளம் பருவத்தைத் தேடி, ஒன்றுக்கு ஒரு முட்டையாக இட்டுச் செல்லும். உள்ளே வளரும் புழு பூச்சியைக் குடைந்து தின்று, வெறும் ஓடாக்கி, அதில் துளையிட்டு வெளிவரும். சில திங்களில் மரங்கள் தெளிந்தன. 2011ஆம் ஆண்டு முடிவதற்குள் பப்பாளித் தோட்டங்கள் மீண்டும் காய்த்தன. இக்குளவிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதுமில்லை. விருந்தாக வந்தவை இங்கேயே குடியேறிவிட்டன.

பெயர் தெளியாவிடில் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் கதை தக்க சான்று. 1970களின் தொடக்கத்தில் கொங்கோ நாட்டில் மரவள்ளி மாவுப்பூச்சி என்ற வேறொன்று புகுந்தது. மரவள்ளிக் கிழங்கையே சோறாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களின் உணவு ஆட்டங்கண்டது. மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர் ஆதலின் மாற்றையும் அங்கேதான் தேடினர். அக்கண்டத்தின் வட பகுதியில் அதனைப் போன்ற ஒரு மாவுப்பூச்சி அகப்பட்டது. அதன் குளவிகளைக் கொணர்ந்து ஆப்பிரிக்கப் பூச்சியின் மீது விட்டனர். குளவிகள் அதனை ஏற்கவில்லை. நுண்ணோக்கியில் நுணுகிப் பார்த்தபின்னரே இரண்டும் வெவ்வேறு இனம் எனப் புலனாயிற்று. ஒன்றில் ஆணும் பெண்ணும் உண்டு. மற்றதில் பெண்ணே தனித்து இனம் பெருக்கும். உண்மையான பூச்சி 1981இல் தெற்கே பராகுவே நாட்டில் கிட்டியது. அதனோடு உரிய குளவியும் கிட்டியது. அவ்வாண்டிலேயே நைஜீரியாவில் அக்குளவி விடப்பட்டது. அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். நீல்சனின் மூட்டையில் இருந்த மயக்கமும் இதுவும் ஒரே வகை. இங்கே நுண்ணோக்கி உரிய காலத்தில் குறுக்கிட்டது. அதுவே வேறுபாடு.

அதே மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்துத் திருச்சூரில் காணப்பட்டுச் சேலம், நாமக்கல் மரவள்ளித் தோட்டங்களில் பரவியது. மரவள்ளியைக் குச்சியாக வெட்டி நடுவதால், விதைக்குச்சி சென்ற ஊருக்கெல்லாம் பூச்சியும் சென்றது. இம்முறை குளவியின் பெயரும் இருப்பிடமும் முன்னரே தெரிந்திருந்தன. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அது வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பராகுவேயில் பிறந்த குளவி ஆப்பிரிக்கா வழியாகச் சேலம் வந்தது. அதற்கு முன் பூச்சி வந்தது. அதற்கும் முன், பல தலைமுறைக்கு முன்னர், கிழங்கு வந்தது.

எல்லாப் பூச்சியும் இவ்வாறு பிறர் தோளில் ஏறியே வருவன என்று கொள்ளலாகாது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கருநாடகத்துச் சிவமொகாவில் மக்காச்சோளத்தில் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டை அடைந்தது. அதன் அந்துப்பூச்சி ஓரிரவில் பல கல் தொலைவு பறக்க வல்லது. அதற்கு லாரி வேண்டுவதில்லை. மதுரை மாவட்டத்தில் பேரையூர், தே. கல்லுப்பட்டி வட்டாரத்து மக்காச்சோள உழவர்க்கு அதன் பெயர் நன்கு தெரியும். அது தனியே பேசத்தக்கது.

மீண்டும் கள்ளிக்கு வருவோம். 1926இல் நமக்கு வாழ்வளித்த அதே கொச்சினீல் இனம் 2014ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டில் புகுந்தது. அங்கே சப்பாத்திக்கள்ளி களையன்று. பழத்துக்கும் தீவனத்துக்கும் பயிரிடப்படுவது. சில ஆண்டுகளில் அந்நாட்டு ஏழை உழவரின் கள்ளித்தோட்டங்கள் வெந்தவைபோல் வீழ்ந்தன. நம் முன்னோர் தட்டு வெட்டிச் சுமந்து பரப்பிய பூச்சியை அவர்கள் தட்டு வெட்டிப் புதைத்து ஒழிக்க முயன்றனர். ஆஸ்திரேலியாவிலும் இதற்கு ஒப்புண்டு. அங்கே 1925இல் அர்ஜென்டீனாவிலிருந்து கொணர்ந்த ஓர் அந்துப்பூச்சி கோடிக்கணக்கான ஏக்கர்க் கள்ளியை அழித்து நன்றி பெற்றது. அதற்காக ஒரு நினைவு மண்டபமே எழுப்பினர். அதே அந்துப்பூச்சி 1989இல் புளோரிடாவில் காணப்பட்டபோது, அங்குள்ள இயற்கைக் கள்ளிகளுக்கு ஆபத்து என்று அலறினர்.

இது நமக்கும் தொலைவான செய்தியன்று. வறண்ட நிலங்களில் கால்நடைத் தீவனமாக முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியைப் பயிரிடும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஊக்குவிக்கப்பட்டு வருகின்றன. அப்பயிர் மதுரைச் சமவெளிக்கு வருமானால், கண்மாய்க் கரைகளில் ஒதுங்கி வாழும் நம் பழைய கொச்சினீல் அதனை என்ன செய்யும்? தென்னாப்பிரிக்காவில் இவ்வினாவை முன்னரே ஆராய்ந்திருக்கின்றனர். அங்கே இவ்வொரே இனத்துக்குள் இரு கிளைகள் இருப்பதைக் கண்டனர். ஒன்று பழக்கள்ளியைத் தாக்குவது. மற்றது நம் நாகதாளி வகையைத் தாக்குவது. நுண்ணோக்கிக்கும் ஒன்றுபோல் தோன்றும் அவ்விரண்டையும் கள்ளியின் மீது வளர்த்துப் பார்த்தே பிரித்தறிந்தனர். 1926இல் இலங்கையிலிருந்து நம் கரைக்கு வந்தது அவ்விரண்டனுள் எது என்பதைத் தீவனக்கள்ளியின் முதல் தட்டை நடுவதற்கு முன் சோதித்துப் பார்த்துவிடலாம். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. முள்ளில்லாக் கள்ளித் தட்டு நான்கும், மெல்லிய துணி போர்த்திய கூண்டு ஒன்றும், கண்மாய்க் கரையிலிருந்து பஞ்சு ஒட்டிய ஒரு தட்டும், மூன்று திங்கள் பொறுமையும் இருந்தால் போதும்.